மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

நூற்பாலையில் ஒரு மெஷினுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க ஃபோர்மேன் பெரிய கருவி எதையும் தேடியதில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றுவார். கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். கண்ணை மூடுவார். உள்ளே எது தேய்கிறது, அது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று பிறகு சொல்வார். பெரும்பாலும் அப்படியேதான் நடக்கும். அந்த ஸ்க்ரூடிரைவரை மில்லில் வேறு யாரும் தொட மாட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று ஆளாளுக்குப் பேசி, கைதட்டி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரத்தை அட்டைப் பெட்டியோடு பரணில் போட்டார். ஸ்க்ரூடிரைவரை மறுநாள் காலை மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

கொட்டகை அவருடைய மனைவியுடையது. ஃபோர்மேன் ஷிப்ட் ஷிப்டாக மில்லுக்குப் போய்வந்த காலம் முழுவதும் அந்த அம்மாள் வீட்டுக்குப் பின்னால் மாடு வளர்த்து, பால் கறந்து, சுற்றுவட்டாரத்துக்கு ஊற்றிவந்தார். தெருவில் அவருக்குப் பால்காரம்மா என்றே பெயர். மாடுகளோடு அவர் பேசுவதும் குறைவு, அவற்றைத் தொடுவதும் குறைவு. காலையில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார், புல் போடுவார், சாணத்தை வாருவார், கறப்பார், கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவார். மாடு அதுபாட்டுக்கு நிற்கும், அசைபோடும், படுக்கும். இதைப் பார்த்த ஃபோர்மேனுக்கு முதல் நாளே மனசு ஆறவில்லை. மெயின்டனன்ஸ் என்ற ஒன்றே இல்லாமல் இத்தனை வருஷம் ஒரு தொழிற்சாலை ஓடியிருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அவர் வேலையை ஆரம்பித்தார். மாடுகள் உயர வரிசையில் நின்றால் தீவனத் தொட்டியைச் சரிமட்டத்தில் வைக்கலாம் என்று அவற்றை இடம் மாற்றிக் கட்டினார். எது யாருக்கு அடுத்து நிற்க வேண்டும் என்பதை மாடுகள் தங்களுக்குள் எப்போதோ சண்டைபோட்டு முடிவுசெய்து வைத்திருந்தன. அந்தச் சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, பால் பாதியாகக் குறைந்தது. மில்லிலிருந்து கழித்துப்போட்ட காற்றாடி ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். அது சுழன்ற வேகத்தில் போட்ட வைக்கோல் எல்லாம் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளில் போய் ஒட்டிக்கொண்டது. தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். தோல் வறண்டு, மாடுகள் அகப்பட்ட தூணில் எல்லாம் உரசி, ஒரு தூணையே சாய்த்தன. எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சல் பார்க்கும் கருவி. மாட்டுக்கு அதை வாலைத் தூக்கி எங்கே வைத்துப் பார்ப்பார்கள் என்பது தெரிந்ததே. காலையும் மாலையும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஃபோர்மேன் பார்த்தார். உள்ளே நுழையும்போது தொண்டையைச் செருமுவது அவர் வழக்கம். கொஞ்ச நாளில் அவர் செருமினாலே போதும், வரிசையில் இருந்த அத்தனை மாடுகளும் ஒரே நேரத்தில் வாலை இறுக்கிக்கொண்டன.

பால்காரம்மாவின் தம்பி கால்நடை டாக்டர். அக்காவின் கணவரை அவர் அத்தான் என்பார். அத்தானிடமிருந்து வரும் அழைப்புகளைப் பார்த்து முதலில் பயந்தார், பிறகு சலித்துக்கொண்டார், கடைசியில் வழியில் இருந்தால் டீ குடிக்க ஒரு காரணமாக வைத்துக்கொண்டார். ஒருநாள் அவர் வந்தபோது, ஒரு மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கண்ணை மூடி நின்றிருந்தார் ஃபோர்மேன். கைப்பிடியை டாக்டரின் காதிலும் வைத்தார். டாக்டர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வயிறு புரளும் சத்தம் தூரத்து இடி மாதிரி தெளிவாகவே கேட்டது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா இதைக் கேட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்ல."

"அது புல்லு தின்னுட்டு நிக்குது. அதுலயே தெரியுதே."

அன்று டீ ஆறும்வரை இருவரும் வாதாடினார்கள். மாட்டுக்குத் தேவை நல்ல தண்ணீர், நிழல், வயிறு நிறையப் புல், காய்ந்த தரை, மிச்சமெல்லாம் நமக்குத் தேவை, மாட்டுக்கு இல்லை என்பது டாக்டரின் கட்சி. காட்டில் திரியும் மாடுகளுக்கு யார் சோப்புப் போடுகிறார்கள் என்று கேட்டார். ஃபோர்மேன் அசரவில்லை. காட்டு மாடு வாளி வாளியாகப் பால் கொடுக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். அது தன் கன்றுக்கு வேண்டியதைத்தான் சுரக்கிறது. நாம் இதன் ஓட்டத்தைப் பல மடங்கு ஏற்றிவைத்திருக்கிறோம், கன்றையும் பெரிதாக்கி வைத்திருக்கிறோம், ஒரு மெஷினை அதன் அளவுக்கு மேல் ஓட்டுகிறவன் அதைக் கவனிக்காமல் விடலாமா என்றார்.  அத்தான் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். அக்கா, டீ குடித்தாகிவிட்டது அல்லவா, கிளம்பு என்றார்.

அதற்குப் பிறகுதான் பெரியவளின் விஷயம் நடந்தது.

பெரியவள் என்பது கொட்டகையின் மூத்த பசு. பல ஈற்று கண்டது. எல்லாக் கன்றையும் யார் தயவும் இல்லாமல் ஈன்று, பால்காரம்மா காலையில் கதவைத் திறக்கும்போது பக்கத்தில் நிறுத்தி நக்கிக்கொண்டிருக்கும். போன வருஷம் அது கன்று போடத் தொடங்கியபோது பால்காரம்மா பால் ஊற்றப் போயிருந்தார். வீட்டில் ஃபோர்மேன் மட்டும் இருந்தார். இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்தார். அவ்வளவு நேரம்தான் அவரால் பொறுக்க முடிந்தது. மில்லில் மோட்டார் தூக்கும் செயின் பிளாக் ஒன்று அவரிடம் இருந்தது. அதை உத்தரத்தில் மாட்டி, சங்கிலியைக் குளம்பில் கட்டி, சீராக, அவசரப்படாமல், தன் கணக்கில் மிகப் பக்குவமாக இழுத்தார். கன்று உயிரோடு வரவில்லை. பெரியவள் இடுப்பு நரம்பு நசுங்கி, நாள் கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. டாக்டர் ஊசி போட்டு, புரட்டிப் போட்டு, ஒருவழியாக நிற்க வைத்தார். ஆனால் அதன் பிறகு அது சினை பிடிக்கவில்லை. கன்று ரொம்பப் பெரிது, யார் இருந்தாலும் கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னார். அக்காவின் வீட்டில் அன்று இரவு அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னார் என்று மூன்று பேருக்குமே தெரியும். ஃபோர்மேன் மட்டும் அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பால்காரம்மா கத்தவில்லை. இனிமேல் நான் கூப்பிடாமல் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார், அவ்வளவுதான். எது வரை உள்ளே, எது வரை வெளியே என்று ஃபோர்மேன் கேட்டார். மில்லில் ஆபத்தான மெஷின்களைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், பழக்கமில்லாதவர்கள் தாண்டக் கூடாது என்பதற்காக. ஃபோர்மேன் தானே பெயின்ட் வாங்கிவந்து, நூல் பிடித்து, கொட்டகை வாசலில் ஒரு மஞ்சள் கோடு போட்டார். நேர்த்தியான கோடு. மறுநாளிலிருந்து அதற்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். செயின் பிளாக்கைப் பால்காரம்மா எங்கோ ஒளித்துவைத்துவிட்டார்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவரைத் தேடி வந்த ஒரே ஜீவன் வாயாடி. அது பெரியவளின் மகள், இன்னும் கன்று போடாத கிடாரி. காக்கை பறந்தால் கத்தும், பால் வண்டி நின்றால் கத்தும், ஒன்றும் நடக்காவிட்டால் அதற்கும் கத்தும். மற்ற மாடுகள் ஃபோர்மேனைக் கண்டு வாலை இறுக்கும்போது இது மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு கோட்டருகே வரும். அவர் இந்தப் பக்கம் இருந்தபடியே தாடைக்குக் கீழே சொறிந்துவிடுவார். சட்டப்படி கால்தானே தாண்டக் கூடாது.

வாயாடி சினையானது. தலையீற்று, முதல் கன்று. நாள் நெருங்க நெருங்கப் பால்காரம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், விஷயத்தைச் சொன்னார். மாட்டுத் தரகரிடம் பேசியிருக்கிறேன், சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், இதுவும் பெரியவள் மாதிரி ஆனால் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போகட்டும், எனக்கு இன்னொரு தடவை பார்க்கத் தெம்பு இல்லை. நல்லபடியாக ஆனால் தரகர் வர வேண்டாம். ஃபோர்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனார். மாடுகள் போய்விட்டால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கவும் ஒன்றும் இருக்காது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் காவல் காக்கத் தொடங்கினார். சாப்பாடும் அங்கேயே. வாயாடியின் மடி இறங்கியது, வாலடியில் குழி விழுந்தது, இன்றைக்கு நாளைக்கு என்று நின்றது. ஆனால் நின்றதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. அது அவரைப் பார்க்கும், அவர் அதைப் பார்ப்பார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு நாற்காலிக்கு எதிரே குந்தினார்.

"அத்தான், நீங்க பாத்ரூம்ல இருக்கும்போது வெளிய ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்திருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

ஃபோர்மேன் நாற்காலியை ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மாடு தனியா ஒதுங்கித்தான் போடும். ஆள் இருந்தா அடக்கிட்டு நிக்கும். போங்க, எங்கயாவது போயிட்டு வாங்க."

"நான் போன நேரத்துல எதாவது ஆச்சுன்னா?"

"அக்கா இருக்கா. நான் இருக்கேன்." பிறகு டாக்டர் இன்னொன்று கேட்டார். "மில்லுல மெஷின் ஓடிட்டிருக்கும்போது கை விடுவீங்களா?"

ஃபோர்மேனுக்குக் கேள்வியே அவமானமாக இருந்தது. "வேலைக்குச் சேர்ற அன்னிக்கே சொல்லிக்குடுக்கறது அது. ஓடற மெஷின்ல கை வைக்கறவனுக்கு மறுநாள் கை இருக்காது."

"எப்ப வைப்பீங்க?"

"நின்னப்புறம்."

"அவ்வளவுதான் அத்தான். பிரசவமும் அதேதான். ஓடினா உக்காருங்க. நின்னா கை வைங்க. வேற ஒண்ணும் இல்ல இதுல."

டாக்டர் போன பிறகும் ஃபோர்மேன் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பெரியவள் தன் இடத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் மதியத்துக்கு முன்னால் முடி வெட்டிக்கொள்ளப் போனார். பல நாளாக வெட்டாத முடி. முடிதிருத்துபவர் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு நாற்காலியைத் திருப்பும்போது போன் வந்தது. பால்காரம்மா. வரும்போது சோப்பு வாங்கிக்கொண்டு வரும்படி சொன்னார். வீட்டில் சோப்பு இருக்கிறது என்பது ஃபோர்மேனுக்குத் தெரியும், அவரே அடுக்கிவைத்தது. திருமணமாகி இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் சோப்பு வாங்கச் சொல்லிப் போன் செய்ததும் இல்லை, அப்படி ஒரு குரலில் பேசியதும் இல்லை. கழுத்தில் கட்டிய துணியோடு, ஒரு பக்கம் முடியும் ஒரு பக்கம் மண்டையுமாக ஃபோர்மேன் எழுந்து ஓடினார். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னது தெருவில் பாதி, கடையில் பாதி கேட்டது.

கொட்டகை வாசலில் வந்ததும் கால் தானாகக் கோட்டில் நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பிய மூலையில் வாயாடி பக்கவாட்டில் படுத்திருந்தது. கத்தவில்லை.  பனிக்குடம் உடைந்து வைக்கோல் நனைந்திருந்தது. வாலுக்குக் கீழே இரண்டு வெளிறிய குளம்புகள்.

"உள்ள வாங்க," என்றார் பால்காரம்மா. பிறகு அவர் தலையைப் பார்த்தார். "என்னங்க இது கோலம்?"

"கோடு?"

"கோட்டை அப்புறம் பாத்துக்கலாம், வாங்கன்னா."

அவர் செருப்பைக் கழற்றினார், கையைக் கழுவினார், கோட்டைத் தாண்டினார். வரிசையில் இருந்த மாடுகள் பழக்கதோஷத்தில் வாலை இறுக்கின. பால்காரம்மா தம்பிக்கு மறுபடி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தது யாரோ ஒரு ஆள். டாக்டரின் காதருகே பிடித்திருக்கிறேன் பேசுங்கள் என்றார் அவர்.

"டேய், எங்கடா இருக்கே?"

"மாட்டுக்குள்ள இருக்கேன்க்கா. தோள்பட்டை வரைக்கும். கன்னு குறுக்க கிடக்கு, இதை விட்டுட்டு வர முடியாது. சொல்லு, எத்தன காலு தெரியுது?"

அடுத்து அவர் கேட்டதற்கெல்லாம் இங்கிருந்து பதில் போனது. இரண்டு கால். குளம்பின் அடிப்பக்கம் கீழே பார்த்துத்தான் இருக்கிறது. நடுவில் மூக்கு, நாக்கு நுனி இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. எல்லாம் முறைப்படிதான் என்று டாக்டர் சொன்னார். கடைசியாக, நகருதா என்று கேட்டார்.

"இல்ல," என்றார் பால்காரம்மா.

"நகருது," என்றார் ஃபோர்மேன்.

போனில் அந்தப் பக்கத்து மாடு மூச்சு விடும் சத்தம் கேட்டது. யார் சொல்றதைடா நான் நம்பறது என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்கா அழுகிற குரலில் இருக்கிறாள், அத்தான் பழைய குற்றவாளி. "அத்தான், எப்படிச் சொல்றீங்க?"

ஃபோர்மேன் மண்டியிட்டு, தலையைத் தரையோடு சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கும்போது குளம்பு வெளியே வருகிறது, விட்டால் உள்ளே போகிறது, அதைத்தான் அவள் பார்க்கிறாள் என்றார். ஆனால் போன தடவை வந்த இடத்தைவிட இந்தத் தடவை ஒரு நகக்கண் அளவு கூடுதலாக வருகிறது. உள்ளே போவது அதைவிடக் குறைவு. சீராக இருக்கிறது. தாளம் தப்பவில்லை.

"சரி. அது போற வரைக்கும் கை வேண்டாம். நின்னா எனக்குப் போடுங்க," என்றார் டாக்டர். போனைப் பிடித்திருந்தவர் வைத்துவிட்டார்.

அந்த நேரம் எவ்வளவு என்று பிறகு கேட்டவர்களுக்கு இருவரும் வேறு வேறு பதில் சொன்னார்கள். வாயாடி முக்கியது, ஓய்ந்தது, மறுபடி முக்கியது. அதன் கண் விரிந்து, ஒவ்வொரு தடவையும் காலை நீட்டி உதைத்தது. பால்காரம்மா உட்கார்ந்தார், எழுந்தார், வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் செயின் பிளாக் இருந்தது. துணி ஊறவைக்கும் அண்டாவுக்கு அடியில் ஒரு வருஷமாக இருந்திருக்கிறது. லேசாகத் துருவும் சோப்பு வாசனையும்.

"இழுங்க," என்றார்.

ஃபோர்மேன் அதைப் பார்த்தார். எத்தனை நாள் தேடியது. "வேண்டாம். கீழ வை."

"அது செத்துப்போயிடும்ங்க."

"ஓடிட்டிருக்கு. கீழ வை."

"போன தடவை வாசல்லேர்ந்தே வேணாம் வேணாம்னு ஓடி வந்தேன், வர்றதுக்குள்ள இழுத்துட்டீங்க. இப்ப இழுங்கங்கறேன், சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க. என்ன மனுஷன்தான் நீங்க?"

ஃபோர்மேன் குளம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன தடவையும் ஓடிட்டுத்தான் இருந்துது," என்றார். "கன்னு பெரிசெல்லாம் இல்ல. ஓடறதுல நான் கை வெச்சேன்."

ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வாக்கியம் அது. பால்காரம்மா செயின் பிளாக்கைத் தரையில் வைத்தார். அது பெரிய சத்தத்தோடு சரிந்தது. வாயாடி திடுக்கிட்டு, அந்த வேகத்திலேயே ஒரு முக்கு முக்கியது. நெற்றி வந்தது. பிறகு ஒரு நீண்ட ஓய்வு. ஃபோர்மேன் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பால்காரம்மா வந்து அவர் பக்கத்தில் குந்தினார். அடுத்த முக்கில் தோள் வந்தது. அதற்குப் பிறகு மிச்சமெல்லாம் ஈரத் துணி மூட்டை சரிகிற மாதிரி மொத்தமாகச் சரிந்து வைக்கோலில் விழுந்தது.

வாயாடி எழுந்து நின்றது. திரும்பிப் பார்த்தது. இப்படி ஒன்று தனக்குப் பின்னால் வந்து கிடக்கும் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மூக்கால் புஸ் என்று ஊதிவிட்டு இரண்டடி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றது. கன்று அசையவில்லை. அதன் மூக்கின் மேல் பனிக்குடத் தோல் ஒரு கண்ணாடித்தாள் மாதிரி படிந்திருந்தது.

புருஷனும் மனைவியும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தொடக் கூடாது, தாய் நக்கும், மாடு பார்த்துக்கொள்ளும் என்று இத்தனை நேரம் மனசைக் கல்லாக்கி வைத்திருந்ததில் இருவருக்குமே கை எழவில்லை. ஃபோர்மேன் கன்றின் விலாவைப் பார்த்தார். மேலும் கீழும் போக வேண்டிய ஒன்று அங்கே போகவில்லை.

"நின்னுடுச்சு," என்றார். பிறகு அனுமதிக்காகப் பால்காரம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? அதைப் பாருங்க!"

ஃபோர்மேன் பாய்ந்தார். மூக்கிலிருந்து தோலை விரலால் வழித்து எறிந்தார். வாய்க்குள் விரலை விட்டுச் சளியை எடுத்தார். கழுத்தில் இன்னும் கட்டியிருந்த முடிவெட்டும் துணியை அவிழ்த்து அதன் விலாவை அழுத்தித் துடைத்தார். ஒன்றும் இல்லை. இதே இடத்தில் டாக்டர் என்ன செய்வார் என்று முன்பு வேறொரு மாட்டின் ஈற்றில் பால்காரம்மா பார்த்திருந்தார். அவர் நீட்டிய ஒரு வைக்கோலை வாங்கி ஃபோர்மேன் கன்றின் மூக்குத் துவாரத்தில் விட்டுக் குடைந்தார்.

கன்று தும்மியது.

அந்தத் தும்மலில் ஃபோர்மேனின் முகம் முழுவதும் சளி. அவர் துடைத்துக்கொள்வதற்குள் பின்னாலிருந்து ஒரு முட்டு. தும்மலைக் கேட்ட வாயாடிக்கு, அது என்ன, யாருடையது, தான் யார் என்பதெல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. குறுக்கே இருந்த ஆளைச் சாணத்தில் தள்ளிவிட்டுக் கன்றை நக்கத் தொடங்கியது. நெற்றி, காது, கழுத்து, ஈரமாக இருந்ததை எல்லாம் நக்கியது. ஃபோர்மேன் விழுந்த இடத்திலேயே கிடந்தார். வழியில் அவருடைய தலையும் அகப்பட்டது. முடி இருந்த பக்கத்தை விட்டுவிட்டு வெட்டிய பக்கத்தை அழுத்தமாக இரண்டு நக்கு நக்கிவிட்டு மறுபடி கன்றுக்குப் போனது. பிறகு வெகுநேரம் அடக்கிவைத்திருந்த ஒரு கத்தலைக் கத்தியது.

பால்காரம்மா சிரித்தார். சிரிப்பை நிறுத்தப் பார்த்து முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அந்தக் கண்ணோடேயே போனை எடுத்துத் தரகருக்கு அடித்தார். சனிக்கிழமை வர வேண்டாம் என்றார். அடுத்த சனிக்கிழமையா என்று அவர் கேட்டிருக்க வேண்டும், எந்தச் சனிக்கிழமையும் வேண்டாம் என்றார்.

டாக்டர் மாலையில் வந்தார். கன்று அதற்குள் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, முன்னங்கால்களுக்கு நடுவே மடியைத் தேடி ஏமாந்து, கடைசியில் சரியான பக்கத்துக்கு வந்து குடித்துக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் சட்டையைக்கூட மாற்றாமல் கையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றிருந்தார். இனி என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தொப்புளில் மருந்து தடவ வேண்டும் என்று டாக்டர் சொல்லித் தடவினார். அப்புறம் என்றார் ஃபோர்மேன். நஞ்சுக்கொடி விழுந்ததா என்று ஒரு கண் வைத்திருங்கள் என்றார் டாக்டர். கண் மட்டும்தான், கை இல்லை. அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை, எனக்கு டீ.

டீ குடிக்கும்போது டாக்டர் தரையில் கிடந்த செயின் பிளாக்கைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.  டாக்டருக்கும் அன்று கையெல்லாம் வலி. குறுக்கே கிடந்த கன்றைத் திருப்பிப் போட்டு எடுக்க அவர் பட்ட பாடு. அங்கே கை வைக்காவிட்டால் தாயும் இல்லை, கன்றும் இல்லை என்று சொன்னார். உட்கார்ந்திருந்தால் மட்டும் எல்லா மாடும் பிழைத்துவிடாது அத்தான் என்றார். அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன் என்று ஃபோர்மேன் தொடங்க, பால்காரம்மா காலி டம்ளர்களைச் சத்தமாக எடுத்தார். இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் ஃபோர்மேன் மீதித் தலையை வெட்டிக்கொள்ளப் போனார். பழைய துணி திருப்பித் தர முடியாத நிலையில் இருந்ததால் புதுத் துணி ஒன்று வாங்கிக்கொண்டு போனார். என்னதான் செய்தீர்கள் என்று முடிதிருத்துபவர் கேட்டார்.

"ஒண்ணும் செய்யல. சும்மா உக்காந்திருந்தேன்," என்றார் ஃபோர்மேன்.

எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்லி முடிக்க, வெட்ட வேண்டிய பாதித் தலை போதவில்லை. வெட்டி முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை, காத்திருந்தவர்களும் கேட்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு பால் வாங்க வந்தவர்கள், பழைய மில் ஆட்கள், தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவர் எல்லோருக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர் சும்மா இருந்த நேரம் கொஞ்சம் நீண்டது, சும்மா இருந்த விதம் இன்னும் கஷ்டமானதாக ஆயிற்று. வைக்கோல் விஷயம் மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடும். அதை நீட்டினதில்லை.

மஞ்சள் கோட்டை அழித்துவிடவா என்று அவர் பால்காரம்மாவிடம் கேட்டார். இருக்கட்டும் என்றார் அந்த அம்மாள், ஆனால் காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் வேலை இனி உங்களுடையது, தொட்டியை மட்டும். அடுத்த நாள் ஃபோர்மேன் கோட்டருகே வந்து நின்று, பழக்கப்படி தொண்டையைச் செருமினார். பெரியவள் வாலை இறுக்கிக்கொண்டது. அடுத்தது, அதற்கு அடுத்தது, வரிசையாக எல்லாம். வாயாடிகூட இந்தத் தடவை, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல், லேசாக இறுக்கிக்கொண்டது.

கன்றுக்கு மட்டும் இன்னும் விஷயம் தெரியாது. அது வாலைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடிவந்தது.